ஐந்தாவது அடைப்பான்

மார்ச் 4

காலை வழிபாட்டை முடித்துக்கொண்டு கொட்டகைக்குச் சென்றேன். மைத்துனன் எனக்கு முன்பே வந்து ஆமையின் வயிற்றடியில் படுத்திருந்தான். ஆமை என்பது நாங்கள் இட்ட பெயர். ஆறு சக்கரங்களும், படகின் உடலும், பின்னால் நீரைத் தள்ளும் சுழலியும் உடைய பழைய இராணுவ வண்டி. கப்பலிலிருந்து வீரர்களைக் கரை சேர்த்த காலம் போய், இரும்புக்கடையில் துருவேறிக் கிடந்ததை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இருவருமாக மீட்டோம். மற்ற வண்டிகளுக்கெல்லாம் பாதை நீர்விளிம்போடு முடிந்துவிடுகிறது, இதற்கு முடிவதில்லை. அந்த ஒரு நொடிக்காக, சக்கரம் தரையை விட்டு உடல் மிதக்கத் தொடங்கும் அந்த நொடிக்காக, என் முதுமையின் பெரும்பகுதியை மசகெண்ணெயில் கழித்துவிட்டேன். வருத்தமில்லை.

"இன்னும் நாலு வாரந்தான் அத்தான். ஏரிச் சவாரிக்குப் பழைய வண்டிச் சங்கத்துல பன்னெண்டு பேர் பேரக் குடுத்திருக்காங்க. அதுல ஒருத்தி அக்கா, ஏர்றேன்னுட்டா. உங்க சாமிக்கு நீச்சல் தெரியுமான்னு இப்பவே கேட்டு வைங்க."

சாமியைப் பற்றிக் கவலையில்லை. அவன் அக்காவுக்கு நீச்சல் தெரியாது. குளியல்தொட்டி நிறைந்தாலே ஒதுங்கி நிற்பவள், என்மீதும் தம்பிமீதும் வைத்த நம்பிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 9

இன்று வழிபாட்டின்போது மனைவி குறுக்கிட்டாள். நாற்பத்தாறு ஆண்டுகளில் முதல்முறை.

"ஏங்க, நாலாவது பாட்டுலேர்ந்து ஆறாவதுக்குத் தாவிட்டீங்க."

தந்தையார் எனக்கு ஏழு வயதில் கற்பித்த துதி. ஏழே பாடல்கள். உறக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அவள்தான் கவனம் சிதறிக் கேட்டிருப்பாள் என்று சொல்லிவிட்டேன். அவள் மறுக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 15

ஏரியில் வெள்ளோட்டம். நாங்கள் இருவர் மட்டும்.

ஆமையின் அடித்தட்டில் ஏழு துளைகள் உண்டு. தரையில் நிற்கையில் உள்ளே தேங்கும் நீர் வடிய அவை திறந்திருக்க வேண்டும். நீரில் இறங்குமுன் பித்தளை அடைப்பான்களால் மூட வேண்டும். அது முதலிலிருந்தே என் பணி. எண்களை நான் நம்புவதில்லை. யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணுகிறவன் எண்ணை மறப்பான். ஆகவே ஏழையும் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, துளைக்கு ஒரு பாடலாகத் துதியைச் சொல்லியபடி திருகுவேன். துதி முடிந்தால் துளைகளும் முடிந்தன. ஒன்பது ஆண்டுகளாகப் பிழை நேர்ந்ததில்லை.

இன்று ஏரி நடுவில் பின்புறம் தாழ்ந்தது. பலகையைத் தூக்கினால் முழங்கால் அளவு தண்ணீர். பம்பு இறைத்தும் ஏறிக்கொண்டே இருந்தது. மைத்துனன் வண்டியைத் திருப்பினான். முன்சக்கரம் சரிவைத் தொட்டபோதுதான் மூச்சு விட்டான்.

"பின்பக்கம் துருப்பிடிச்ச எடத்துல நான் பத்தவச்சுப் போட்ட ஒட்டுதான் விட்டிருக்கு. வேற என்ன?"

நானும் அப்படித்தான் எண்ணினேன்.

மார்ச் 16

உலரப் போட்டிருந்த சட்டையை எடுத்தேன். ஒரு பக்கம் கனத்தது. பைக்குள் கைவிட்டால் பித்தளை.

மார்ச் 19

ஒட்டு வைத்த தகட்டை மைத்துனன் வெட்டி எடுத்தான். பொறி பறந்தது. தேடித் தேடிப் பார்த்தான். பற்றவைப்பில் மயிரிழை விரிசலும் இல்லை. "நல்லாத்தானே இருக்கு. பின்ன தண்ணி எது வழியா வந்துச்சு? எனக்குக் கைய நம்ப முடியல அத்தான்."

நாற்பது ஆண்டுகள் லாரிகளைச் செப்பனிட்ட கை அது.

பையில் கிடந்ததை நான் வெளியே எடுக்கவில்லை.

மார்ச் 22

கதவைத் தாழிட்டுக்கொண்டு துதியைத் தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு வந்தது. ஆறு வந்தது, ஏழு வந்தது. நடுவில் வெறும் வெண்மை. ஏட்டைத் திறந்து ஐந்தாவது பாடலைப் படித்தேன் — அயலான் எழுதிய கடிதம் போலிருந்தது. மூடிவிட்டு மீண்டும் எழுதினேன். இல்லை.

மெய்யைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன். என் பையில் கிடக்கும் ஒரு பித்தளைத் துண்டைப் பற்றிச் சொல்ல நா எழவில்லையே, ஏன்? தொலைந்தது ஒரு பாட்டு மட்டுந்தான் என்றால் சொல்லிவிடலாம். அடுத்தது எது? அவள் பெயரா?

அஞ்சுகிறேன். என்ன செய்யட்டும், அஞ்சுறேன்.

மார்ச் 24

சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார்: ஆமை வருகிறதா, இல்லையா? மைத்துனன் என்னைப் பார்த்து, "வண்டிய வித்துரலாம் அத்தான். பன்னெண்டு உசுரு. எனக்கு இனிமே தெம்பு இல்ல" என்றான்.

அடைப்பானை எடுத்து, வெட்டிய தகட்டின் அருகே வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அதைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"எப்பத் தெரியும்?"

"மறுநாள் காலைல."

"நான் வெட்டுறப்போ பக்கத்துல நின்னு லைட்டுப் பிடிச்சீங்களே."

ஆம். பிடித்தேன்.

மார்ச் 25

அவன் வரவில்லை.

மார்ச் 27

மனைவியோடு மருத்துவரிடம் சென்றேன். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசி, பிறகு அவற்றைக் கேட்டார். மூன்று சொன்னேன். மேலும் சோதனைகள் வேண்டுமாம். வெளியே வந்ததும் அவள் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, "நான் ஏர்றதாத்தான் இருக்கேன்" என்றாள்.

மார்ச் 29

கொட்டகையிலிருந்து பற்றவைக்கும் ஓசை. உள்ளே போகத் துணிவில்லை, வாசலில் நின்றேன். திரும்பாமலே சொன்னான்:

"நிழல் விழுது. நிக்கிறதுன்னா வந்து லைட்டப் பிடிங்க."

பிடித்தேன். மாலைக்குள் புதுத் தகடு வெட்டிய இடத்தை மூடியது.

ஏப்ரல் 2

ஏரிக்கரையில் கூட்டம். பன்னிருவரும் மிதவைச் சட்டையோடு வரிசையில் நின்றனர், மனைவி நான்காவது. நான் பித்தளைகள் இருந்த தோல்பையை மைத்துனனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான். என்னை ஏறச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு துளையின் அருகிலும் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதியிருந்தான். வண்டியடியில் படுத்தபடி, "சத்தமாச் சொல்றேன். கரையில இருந்து கேட்டுக்கிட்டே வாங்க. விட்டா அதட்டுங்க" என்றான்.

"ஒண்ணு" என்ற குரல் அடியிலிருந்து வந்தது. என் உதடுகள் தாமாக முதல் பாடலைத் தொடங்கின. இரண்டு. மூன்று. நான்கு. பிறகு நான் நின்றுவிட்டேன். என்னிடம் ஒன்றுமில்லை. திருகு முறுக்கப்படும் ஓசை மட்டும் கேட்டது.

"அஞ்சு" என்றான்.

ஆறாவதிலிருந்து நான் சேர்ந்துகொண்டேன்.

ஆமை சரிவில் இறங்கியது. அலை பக்கங்களில் பிரிந்தது, சக்கரங்கள் மறைந்தன, ஒரு சிறு அசைவு, பிறகு மிதந்தது. மனைவி இரு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். நடு ஏரி வரை பிடியை விடவில்லை. திரும்புகையில் ஒரு கையை எடுத்து எனக்கு அசைத்தாள்.

கரை சேர்ந்ததும் மைத்துனன் அடிப்பலகையைத் தூக்கி, உள்ளங்கையால் தடவி என்னிடம் காட்டினான். உலர்ந்திருந்தது.