பம்ப்பின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வெறும் காபியோடு வேலைக்கு ஓடாதே.

போனிலேயே சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் கட்டிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். மருத்துவப் பொறியியல் மேற்படிப்புக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது, எதில் சேரட்டும் என்று போன வாரம் கேட்டாய். ஒன்று முழுக்க ஆய்வுக்கூடத்தில், ஸ்கேன் படங்களைக் கணினியில் அலசுவது. மற்றது ஒரு வருஷம் வார்டிலேயே நின்று, நர்சுகள் கருவிகளோடு படும் பாட்டைப் பார்த்து, அதற்கேற்பப் புதிதாகச் செய்வது. உன் மனசு இரண்டாவதில்தான் என்று தெரிந்தும், வார்டு வேண்டாம், கிருமி, உனக்கோ சளி பிடிக்கிற உடம்பு என்றேன். இருபத்தேழு வருஷமாக ஆஸ்பத்திரியில் கருவி பழுதுபார்க்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீயும் நம்பிவிட்டாய். நான் சொன்னது பொய், கண்ணு.

விண்ணப்பக் கட்டுரையில், பழுதோடு ஒரு கருவியைக்கூட என் அம்மா வார்டுக்குத் திருப்பி அனுப்பியதில்லை என்று எழுதியிருந்தாயே, அதை அப்பா எதிர்வீட்டுத் தையல்காரர் வரைக்கும் படித்துக் காட்டிவிட்டார். அவரும் "உங்க வீட்டம்மா கை பட்டா செத்த மிஷினும் எழுந்து உக்காரும்போல" என்றாராம். ஆனால் அந்த வரி உண்மையில்லை. நரம்பில் மருந்து ஏற்றும் பம்ப் இருக்கிறதே, அது மருந்து தீர்ந்தாலும் கத்தும், நோயாளி கையை மடக்கினாலும் கத்தும், சும்மாவும் கத்தும். "அக்கா, இதோட வாயை அடைச்சுக் குடுங்களேன், ஒருத்தரும் தூங்க முடியல" என்று நர்சுகள் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானும் சத்தம் வரும் ஓட்டை மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை இரண்டாக மடித்து ஒட்டி, சரிபார்த்தாயிற்று என்று சீட்டில் கையெழுத்தும் போட்டு அனுப்புவேன். வருஷக்கணக்காக இப்படித்தான். இரண்டு மாதம் முன்பு ஒரு பெரியவருக்கு மருந்து தீர்ந்து பம்ப் கத்தியது யார் காதிலும் விழவில்லை. குழாயில் ரத்தம் ஏறி நிற்பதைப் பக்கத்துப் படுக்கைக்காரர் பார்த்துக் கூப்பிட்டதால் தப்பித்தார். அந்தப் பம்ப் என்னிடம்தான் வந்தது. யாரும் பார்க்கும் முன் பிளாஸ்திரியை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டேன். நீ வார்டில் நின்றால் முதல் வாரமே இப்படி ஒன்று கண்ணில் படும், கட்டுரையில் எழுதிய அம்மாவை அப்போது என்ன நினைப்பாய்? அந்தப் பயத்தில்தான் உன் சளியைச் சாக்காக இழுத்தேன்.

நேற்று எங்கள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விசாரணை வரும் என்றார், வரட்டும் என்றேன். பதினான்கு பம்ப்பிலிருந்து பிளாஸ்திரியை உரித்தெடுத்தேன். தலைமை நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டு "புண்ணியம் உங்களுக்கு, தலைவலி எங்களுக்கா?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான், காரணமில்லாமல் கத்தாத பம்ப்பை யாராவது செய்துதானே ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பணும் என்றாயே, மறந்துவிடாதே, வார்டுப் படிப்புக்கே சம்மதம் என்று எழுதிவிடு. அங்கே பிளாஸ்திரி கண்ணில் பட்டால் உரித்துவிடு, உரித்த கையோடு போய்விடாமல், அது ஏன் அப்படிக் கத்துகிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார். நீ நினைத்தது நடக்கட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும்.

நீ எழுதிய அந்த ஒரு வரிக்கு இனிமேலாவது பொருந்தப் பார்க்கும்,
உன் அம்மா.