படமாக இருந்த அறிவிப்பு

அக். 6, திங்கள்

காலையிலேயே தூறல். ஸ்டிக்கா, குடையா? ஒரு கையில் பை இருக்கிறது. ஸ்டிக்தான். நனைந்தபடி ஆபீஸ்.

வேலை இது: கடலூரில் இந்த அரசு அலுவலகத்தின் வெப்சைட்டை யாரும் பிறர் துணையில்லாமல் பயன்படுத்தும்படி மாற்றுகிறார்கள். பார்வையில்லாத நான் ஒரு வாரம் சோதித்துக் குறை சொல்ல வேண்டும். குறை சொல்வது எனக்குப் பிறவியிலேயே வந்தது. இப்போதுதான் ஆர்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கூடவே திட்டக்குடியிலிருந்து ஒரு ஐயா. கை நடுக்கம், மவுஸ் நிற்காது. வெப்சைட்டைச் செய்பவள் கவிதா. நடையும் வேகம், பேச்சும் வேகம், கோபம் அதைவிட வேகம்.

முதல் நாள் குறைகள்:
– மேலே ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் திரையை வாசிக்கும் குரலை (நான் வைத்த பெயர் போன்காரி) ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை.
– "பட்டன். பட்டன். பட்டன்." எதற்கு என்பது கடவுளுக்கே வெளிச்சம்.
– சிவப்பில் இருப்பதைக் கட்டாயம் நிரப்பணுமாம். சிவப்பு!
– விண்ணப்பம் மூன்று நிமிடத்தில் தானே மூடிக்கொள்கிறது. ஐயா பாதிப் பெயர்தான் அடித்திருந்தார்.

கவிதா: "இவ்ளோ நாளா யாருமே கம்ப்ளைன்ட் பண்ணலியே?"

"கம்ப்ளைன்ட் பண்ற பக்கத்துக்கே போவ முடியலியேம்மா."

சிரித்துவிட்டாள். பிழைத்தேன்.

சாயங்காலம் மாமா வண்டியில் வந்து அழைத்துப் போனார். அக்கா வீட்டுக்காரர். வழியில் சூடான வேர்க்கடலை.

அக். 7, செவ்வாய்

வெயில். உப்புமாவில் அக்கா உப்பு போட மறந்துவிட்டாள். வாயைத் திறக்கவில்லை. அலுவலகத்துக்காகச் சேமித்து வைத்தேன்.

போட்டோக்களுக்கு கவிதா விளக்கம் எழுதியிருந்தாள். "அலுவலர்கள் ஆய்வு மேற்கொள்ளும் புகைப்படம்." அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும். "கண்ணுல என்ன தெரியுதோ அத எழுது" என்றேன். எழுதினாள்: "முழங்கால் தண்ணீரில் ஐந்து அலுவலர்கள். நான்கு பேர் வாய்க்காலைப் பார்க்கிறார்கள். ஒருவர் போனைப் பார்க்கிறார்." முதல்முறையாக ஒரு அரசாங்க போட்டோ எனக்குப் பிடித்தது.

பெரிய சண்டை மதியம். அறிவிப்புகள் எல்லாமே படம். தட்டச்சு செய்து, பிரின்ட் எடுத்து, மேலாளர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, வட்ட சீல் குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். எழுத்தாக இருந்ததைப் பாடுபட்டுப் படமாக்குகிறார்கள்! எழுத்தாகவே போடுங்கள் என்றால் மேலாளர் சார் விடவில்லை.

"சீலு இல்லாத அறிவிப்ப எவன்மா நம்புவான்? நாளைக்கு எவனாச்சும் ரெண்டு வார்த்தய மாத்திட்டான்னா?"

வாதாடிப் பயனில்லை. அவருடைய அறிவிப்பு ஒன்றைத் திறந்து போனை ஸ்பீக்கரில் போட்டேன். போன்காரி: "படம். பெயர் இல்லை."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"எங் கையெழுத்து?"

"வரல சார்."

"சீலு?"

"அதுவும் வரல."

சீல் பெட்டியை மூடும் சத்தம். பிறகு, "சரி. மேல எழுத்து, கீழ சீல் வச்ச படம். ரெண்டும் இருக்கட்டும்" என்றார். இதற்காகத்தான் பிறந்தேன் என்று தோன்றியது. ரொம்ப ஜாஸ்திதான், ஆனால் தோன்றியது.

அக். 8, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

கவிதா வேலை அறிவிப்புகளை எழுத்தாக மாற்றி முடித்தாள். ஒவ்வொன்றாக வாசிக்கவிட்டு சோதனை. நான்காவதில் கை நின்றுவிட்டது.

சிதம்பரம். மாற்றுத்திறனாளிகள் உதவி மையம். தொலைபேசி உதவியாளர், ஒரு இடம். பார்வையற்றோருக்கு முன்னுரிமை. தங்கும் அறை உண்டு. கடைசி நாள் வெள்ளி. அதற்குக் கீழே: ஜூனில் வெளியிட்ட முதல் அறிவிப்புக்குத் தகுதியான விண்ணப்பம் எதுவும் வராததால் மீண்டும் வெளியிடப்படுகிறது.

ஜூனில் நான் எங்கே போயிருந்தேன்? கடலூரில்தான் இருந்தேன். எல்லாத் தகுதியோடும்.

ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மாமா இதே பக்கத்தைத் திறந்து வேலை அறிவிப்புகளை எனக்கு வாசித்துக் காட்டுவார். நான்கு வருடமாக. இதை வாசித்ததில்லை.

வீட்டில் கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"பாத்தேன்மா. சிதம்பரம்னு போட்டிருந்துச்சு. தனியா ரோடு தாண்டணும், பஸ் ஏறணும், ஒண்ணுன்னா யாரு இருக்கா? உங்க அக்காளுக்கு பிரஷர் ஏறிடும். அதான் உட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

"இந்த வாட்டியும் பாத்தீங்களா?"

"...பாத்தேன்."

"நீங்க வாசிச்சிருந்தா நானே வேணாம்னு கூட சொல்லியிருப்பேன் மாமா. அதச் சொல்றதுக்குக் கூட நீங்க உடலியே."

அக்கா சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். யார் பக்கம் என்று தெரியவில்லை.

என்னைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இரண்டு வருடம் கொண்டுபோய் விட்டு, வாசலில் காத்திருந்து கூட்டிவந்தவர் இதே மாமாதான். அதனால்தான் கோபம் இவ்வளவு. வேறு ஆளாக இருந்தால் திட்டிவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். இன்று சாப்பிடவில்லை.

அக். 9, வியாழன்

இரண்டாம் கட்ட சோதனை சிதம்பரம் கிளை அலுவலகத்தில். வெளியூர் என்றால் மாமா கூட வருவார். சட்டை மாட்டும் சத்தம் கேட்டது. "வேணாம்" என்றேன்.

பஸ்ஸில் தனியாக. பயமாக இருந்தது, அதை எழுதிவிட வேண்டும். கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும், கூட யாரு?" "கடைசி ஸ்டாப். யாரும் இல்ல." வெள்ளாற்றுப் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறியது. வந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு அம்மா கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துப்போய் எதிர்ப்பக்கம் விட்டுவிட்டு, "பாத்துப் போம்மா" என்று போய்விட்டார். நான் அந்தப் பக்கம் போகவேண்டியதே இல்லை. தனியாகத் திரும்பிக் கடந்தேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் திட்டினார்கள். எல்லோரையும் திட்டுகிற மாதிரிதான். சந்தோஷம்.

திட்டக்குடி ஐயா மவுஸைத் தொடாமல், ஒற்றை விரலால், முழு விண்ணப்பத்தையும் நிரப்பினார். இப்போது அது மூடிக்கொள்வதில்லை, "இன்னும் நேரம் வேண்டுமா?" என்று கேட்கிறது. ஐந்து தடவை வேண்டும் என்றார். கடைசியில், "அவ்ளோதானா? முடிஞ்சுதா? என் மவன் வேணாமா?" என்று கேட்டார். கவிதா பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம். சளியாம்.

மாமா நாலு தடவை போன். எடுக்கவில்லை. பத்திரமாக வந்து சேர்ந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக். 10, வெள்ளி

கடைசி நாள். காலையில் நெட் இல்லை. பத்தரைக்கு வந்தது. அதுவரை நகத்தைக் கடித்தேன்.

கவிதா: "நான் அடிச்சுத் தரட்டா? ரெண்டே நிமிஷம்."

"எனக்கு அர மணி நேரம் வேணும். நீ டீ குடிச்சிட்டு வா."

போகவில்லை. பின்னால் நின்றாள், மூச்சுக் கேட்டது. பெயர். பிறந்த தேதி. சான்றிதழ் எண். போட்டோ மூன்றாவது முயற்சியில் சரியாக விழுந்தது: போன்காரி, "ஒரு முகம், நடுவில்." முன்பெல்லாம் கோணல் எழுத்துப் படம் ஒன்றைக் காட்டி, பார்த்து அடி என்பார்கள். இப்போது போனுக்கு எண் வருகிறது. அடித்தேன். சமர்ப்பி. ஒரு நொடி ஒன்றுமில்லை.

"விண்ணப்பம் ஏற்கப்பட்டது."

கவிதா கத்தினாள். மேலாளர் சார் ஓடிவந்து என்ன, சர்வர் போச்சா என்றார்.

இதுவரை எத்தனையோ விண்ணப்பம் என் பெயரில் போயிருக்கிறது. முப்பத்தோரு வயதில், என் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரிவது இதுதான் முதல் தடவை. வேலை கிடைக்குமா, தெரியாது. ஆனால் இந்த முறை தகுதியான விண்ணப்பம் வரவில்லை என்று எழுத முடியாது.

அக். 12, ஞாயிறு

விட்டுவிட்டு மழை. பூசைக்குத் தாமதம். மாமாவோடு நான்கு நாளாகத் தேவைக்கு மட்டும் பேச்சு. விண்ணப்பம் போட்டது அவருக்குத் தெரியும். என் ஸ்டிக்கின் அடியில் தேய்ந்த ரப்பரை மட்டும் மாற்றி வைத்திருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கமான நாற்காலியை இழுக்கும் சத்தம். மாமாதான். "வேல அறிவிப்பு... வந்திருக்கும். பாக்கட்டுமாம்மா?"

"இருங்க மாமா. நான் வாசிக்கிறேன்."

பக்கத்தில் உட்கார்ந்தார். போன்காரி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடலூரில் இரண்டு. குமராட்சியில் சமையலர். சென்னையில் ஒன்று. சென்னை என்றதும் அவர் மூச்சு மாறியது. விடுதி உண்டு என்ற வரியையும் சேர்த்து வாசித்தேன். அடுத்தது டிரைவர் வேலை. எனக்கு ஆகாது, இரண்டு பக்க விதிமுறை வேறு.

"இத உட்டுட்டு அடுத்ததுக்குப் போவட்டா மாமா?"

"வேணாம்மா" என்றார். "எல்லாத்தையும் வாசி."