ஒற்றை நாற்காலிக்குப் பாடும் பலகைகள்

இன்று காலை ஸ்பீக்கரைத் துடைக்கும்போது உன் நூல் ஒன்று கிடைத்தது.

வலப்பக்கத்து ஸ்பீக்கர் பலகையின் அடியில், துணி மடிப்பில், விரல் நீளத்துக்கு ஓர் அரக்கு நிறப் பட்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் இருவரும் கடைசியாக நெய்த புடவைக்கு அரக்குக் கரை. கரை நூலில் கை வைத்தவன் நீ. உன் வேட்டியோடு வந்த இழைதான், சந்தேகமில்லை. எத்தனை ஞாயிறு உன்னை வாசலில் நிறுத்தி, "உதறிட்டு வாபா" என்று சொல்லியிருப்பேன்! அப்படியும் ஒன்று எனக்குத் தெரியாமல் உள்ளே வந்திருக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. அது சீக்கிரம் நின்றுவிட்டது.

இந்தப் பலகைகள் வந்த நாள் நினைவிருக்கிறதா? சென்னையில் நம் புடவை வாங்கும் ஒருவர் சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோகும்போது, "ஸ்பீக்கர் இருக்கு, எடுத்துக்கிறியா?" என்று கேட்டார். பாட்டுப் பைத்தியமான நான் நீள அகலம்கூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன். மினி லாரியிலிருந்து இறங்கும்போதுதான் பார்த்தேன். ஆள் உயரம், கதவு அகலம், தடிப்பு மட்டும் அப்பளம். சைக்கிளிலிருந்து விழுந்து மடங்காமல் போன அந்தக் காலோடு நீதான் ஒரு பக்கம் பிடித்தாய். நம் பிள்ளையார்பாளையம் தெருவே வேடிக்கை பார்க்க, உரக்கக் கேட்டாய்:

"இன்னாபா, பாட்டு கேக்கப் போறியா, வூட்டுக்கு ரெண்டு கதவு போடப் போறியா?"

அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாதாம். முன்னால் எவ்வளவு பாடுமோ பின்னாலும் அவ்வளவு பாடுமாம். நாலடி தள்ளி நிற்க வேண்டுமாம். எங்கள் கூடத்தில் நாலடி தள்ளினால் மீதிக் கூடம் தெருவில்தான் இருக்கும். தறியைப் பின்கட்டுக்கு மாற்றினேன். பாடாமல் நிற்கும்போதும் மின்சாரம் வேண்டும். உள்ளே விறைத்து நிற்கும் மெல்லிய தாள் காற்றில் வரும் தூசி, பஞ்சு, இழை எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். தெரு முழுக்கப் பட்டு பறக்கும் ஊரில் இப்படி ஒரு சாமானை வீட்டுக்குள் விட்ட முதல் அறிவாளி நானாகத்தான் இருப்பேன். சரி, குத்துப்பாட்டுக்காவது அதிருமா என்றால் அதுவும் இல்லை. என் மனைவி, "பொண்ணு பாக்க வர்றவங்கள எங்க உக்கார வெப்பீங்க? கதவுக்குப் பின்னாலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும். பாடுகிற அம்மாள் பெட்டிக்குள் அடைந்து கிடக்க மாட்டாள். கூடத்தின் நடுவே, ஆள் உயரத்தில், நம் எதிரே நின்று பாடுவாள். அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பது கேட்கும். நாகஸ்வரம் என்றால், வாசிக்கிறவரின் உதடு சீவாளியைத் தொடுவதுகூடக் கேட்கும். முதல் நாள் கேட்டபோது என் கை தானாகக் கும்பிட்டது.

ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் செல்போனில் எல்லாவற்றையும் படித்துச் சொன்னாள். "அப்பா, நடுவுல உக்கார்ற ஒரு ஆளுக்குத்தான் இது சரியா கேக்கும்னு போட்டிருக்குது. அப்ப மத்தவங்க?"

"மத்தவங்களுக்குச் சத்தம் கேக்கும் இல்ல? போதும்" என்றேன்.

இந்தப் பதிலை நீ கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று உன்னிடம் தப்பிக்க முடியாது.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் போட்டேன். கால்கள் நகராமல் இருக்கத் தரையில் சாக்பீசால் நாலு குறி போட்டேன். ஞாயிறுதோறும் நீ வந்தாய். வாசலில் நின்று வேட்டியை உதறினாய், தோளைத் தட்டினாய், தலையைக்கூட ஒருமுறை உலுக்கிக் காட்டினாய். "போதுமாபா, இல்ல மொட்ட அடிச்சிக்கினு வரட்டா?" கொஞ்ச நாளில் நான் சொல்லாமலே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாய். என் வீட்டுக்கு வர! கோயிலுக்குப் போகிறவன் மாதிரி!

வந்ததும் நேராகப் போய் வலப்பக்கத்துப் பலகைக்குப் பக்கத்தில் பாயில் உட்காருவாய். எனக்கு அது வித்தியாசமாகவே தோன்றவில்லை. கரையைத் தனி நூலில் கோக்கும் கோர்வைப் புடவைக்கு, நூலை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு வேறு. உன் கால் தறியின் மிதியை அழுத்தாது. அதனால் தறியில் நடுவில் நான், வலப்பக்க ஓரத்தில் கரை நாடாவோடு நீ. இருபது வருடம் அப்படியே உட்கார்ந்தோம். பாட்டுக்கும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். நெய்யும்போது நீ அடிக்கடி சொல்வாய், "ஓரத்துல இருக்கிறவன் தப்பு பண்ணா நடுவுல இருக்கிறவன் மானம் போவும்பா" என்று. நடுவில் இருக்கிறவன் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று நீ சொன்னதில்லை.

ஒரே ஒரு நாள். பாட்டைப் போட்டுவிட்டுக் காபி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் நீ நாற்காலியில். கண்ணை மூடியிருந்தாய். இரண்டு தம்ளரோடு எதிரே நின்றுகொண்டு, பெரிய நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னேன்:

"எழுந்திருபா, மொதலாளி வந்துட்டேன்."

பதறி எழுந்தாய். சிரித்தாய்தான். ஆனால் பாயில் உட்கார்ந்ததும் கேட்டாய். "நடுவுல ஒரு பொம்பள நின்னு பாடினு இருந்துச்சேபா. எங்க போச்சு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "எங்கயும் போவல. நாலு வருஷமா அங்கயேதான் நிக்குது!"

நீ காபியைக் குடித்தாய். "நல்லா இருக்குதுபா" என்றாய். காபியையா, பாட்டையா என்று நான் கேட்கவில்லை.

ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பகலில் போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் நான் அழுததைப் பார்த்து, "ரெண்டு பேரும் உசுரும் உசுருமா இருந்தாங்க" என்று சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், இன்று காலை வரை.

இழையை எடுக்க உட்கார்ந்த இடம் நீ உட்காரும் இடம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாலு வருடத்தில் முதல் தடவையாக அங்கிருந்து கேட்டேன். இடப்பக்கப் பலகை இருப்பதே தெரியவில்லை. காதருகே ஒரு தட்டையான சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. நடுவில் யாரும் இல்லை. அங்கே காலி நாற்காலிதான் இருந்தது.

இதைக் கேட்கவா நீ குளித்துவிட்டு வந்தாய்? இதையா நல்லா இருக்குது என்றாய்? உனக்குக் கிடைத்தது நான் காபி எடுக்கப் போன அந்த ஒரு நிமிடம். அதையும் தம்ளரோடு வந்து நின்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சமையற்கட்டிலிருந்து மனைவியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "அடுப்புல பாலு இருக்குது" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். பிறகு எதிரே இருந்த வெற்றிடத்தைக் கையால் காட்டினாள்.

"யாருங்க இது, இங்க நிக்கிறது?"

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் பொங்கி வழிந்தது; இருவரும் எழுந்திருக்கவில்லை.

சாக்பீஸ் குறிகளை ஈரத்துணியால் அழித்துவிட்டேன். உன் இழையை எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். மாலையில் கடைக்குப் போய்த் திரும்பியபோது, வாசலில் நின்று வேட்டியை உதறிக்கொண்டிருந்தேன். மகள் பார்த்துவிட்டு, "உன் வூட்டுக்கு வர்றதுக்கே இன்னாத்துக்குபா உதறுற?" என்று கேட்டாள்.

தோளையும் ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போனேன். உன் பாயில் உட்கார்ந்தேன்.