ஒரே குழாய்க்கு இரண்டு அளவு

குளுவாங்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அடிலெய்டில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அம்மா படித்துவிடுவாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன். குழப்பாமல் இருக்க முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்:

1. நான் வேலையை விடவில்லை.
2. என் ஞாபகசக்திக்கு ஒன்றும் ஆகவில்லை.
3. அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. போனில் உளறிவிடாதே.

பணி ஓய்வுக்குப் பிறகு வாரம் மூன்று நாள் நான் போகும் பொறியாளர் அலுவலகத்தில் பிப்ரவரியில் கணினிகளில் வைரஸ் புகுந்தது. உடனே எல்லாருடைய அட்மின் உரிமையையும் எடுத்துவிட்டார்கள். வடிகால் கணக்குப் போடும் பழைய மென்பொருள் ஒரே ஒரு கணினியில்தான் இருக்கிறது. காலையில் நான் என் பெயரில் திறந்து உட்காருவேன், மதியத்துக்கு மேல் இஞ்சினியர் செல்வா தன் பெயரில் திறப்பார். ரெங்கத்தில் ஒரு தாமானுக்கு, அந்தப் புதுக் குடியிருப்புக்கு, சாலைக்கடியில் போடும் குழாயை 900 மில்லிமீட்டரிலிருந்து 1200 ஆக்கச் சொன்னார். ஆக்கினேன், சேமித்தேன், வழக்கம்போல் நோட்டில் நேரம் எழுதி டிக் போட்டேன். மறுநாள் அவர், "அங்கிள், ரெங்கம் குழாய் இன்னும் தொள்ளாயிரமாவே இருக்கே, மாத்தலையா?" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்த் திறந்தால் 1200 என்று இருக்கிறது. பாவம் என்று அவரே திருத்திவிட்டுப் போயிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கக் கூச்சம். இன்னும் இரண்டு வேலைகளில் இப்படியே நடந்தது, அதன் பிறகு அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. செய்யாத வேலைக்கு டிக் போடுகிறேனோ என்று சந்தேகப்பட்டு, அடுப்பை அணைத்தேனா, கேட்டைப் பூட்டினேனா என்பதையெல்லாம் கூட நோட்டில் எழுத ஆரம்பித்தேன். போன மாதம் உன்னிடம் வேலையை விடப் போகிறேன் என்று சொன்னது இதனால்தான். முட்டி வலி என்று சொன்னது பொய்.

நேற்று மென்பொருளைப் புதுப்பிக்க ஜொகூர் பாருவிலிருந்து கணினிக்காரர் குணாளன் வந்தார். அவர் அட்மின் பெயரில் திறந்தபோது அதே குழாய் 900 என்று இருந்தது. அதைப் பார்த்து செல்வா, "நான் அப்பவே திருத்திட்டேனே" என்றார். நானும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நோட்டைக் காட்டினேன். குணாளன் சிரித்துவிட்டார். இந்தப் பழைய மென்பொருள் தன் கோப்பைத் தன்னுடைய ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்குமாம், அங்கே எழுத அட்மின் உரிமை வேண்டுமாம். உரிமை இல்லாதவர் சேமித்தால், கணினி முடியாது என்று சொல்லாமல் அவருக்கென்று ஒரு பிரதியை மறைவாக வைத்துவிடுமாம். "உங்களுக்கு ஒண்ணு, செல்வாவுக்கு ஒண்ணு தனித்தனியா வச்சிருக்கு அங்கிள். நீங்க மாத்துனது எல்லாமே அப்படியே இருக்கு," என்று என் பிரதியைத் திறந்து காட்டினார். மூன்று திருத்தமும் என் நோட்டில் இருந்தபடியே இருந்தன. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சற்று நேரம் திரும்பி நின்றேன். பிறகு அவர் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு மாற்றி, அங்கே எழுத எங்கள் இருவருக்கும் அனுமதி கொடுத்தார். இனி அட்மின் உரிமை தேவையில்லை. செல்வா, என் மனம் நோகக்கூடாது என்றுதான் கேட்காமல் தானே திருத்திக்கொண்டதாகச் சொன்னார். இருவரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

நீயும் அலுவலகத்தில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேட்டுவிடு, என்னைப் போல் இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. உன் பாஸ்போர்ட் அடுத்த மாதம் முடிகிறது, மறக்காமல் புதுப்பி. நீ நன்றாக இருப்பாய், மகளே.

அன்புடன்,
அப்பா
ஜெயபாலன்

உறையை ஒட்டப் போகும்போது முன்னறையில் அம்மா கிளினிக் நர்ஸிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது: "மிஸ்ஸி, புதன்கிழமை ஞாபக மறதி டாக்டர்கிட்ட என் வீட்டுக்காரருக்கு நாள் எடுத்திருந்தேன், இனி வேணாம்." என்னைப் பார்த்ததும், "செல்வா நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டாரு. கேட்டைப் பூட்டினதுக்கெல்லாம் டிக் போட்டா எனக்குத் தெரியாதா?" என்றாள். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.