இலவச ஊசியும் எதிர்க்கடைக்காரரும்

என்னங்க,

புதிதாய்ப் பிறந்த பேத்தியைக் கையில் தர நம் மகள் கேட்கும் விலை ஒரே ஒரு தடுப்பூசி. அதுவும் இலவசம். அங்கேதான் உங்களுக்கு உதைக்கிறது. "ஓசியில குடுக்குறாங்கன்னா சரக்குல ஏதோ கோளாறு" என்று ஒரே பாட்டு. காசு கேட்டிருந்தால் பாதி விலைக்குப் பேசி, முதல் ஆளாகக் கையை நீட்டியிருப்பீர்கள்!

எதிர்க்கடைத் தையல்காரர் போட்ட பிறகு போடுவதாகச் சொன்னீர்கள். அவரை விசாரித்தேன். "அண்ணன் போடட்டும்னுதான் நானும் காத்திருக்கேன்" என்கிறார்! இப்படியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருங்கள். குழந்தைக்குப் பல் முளைத்துவிடும்.

நான் மகள் வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு, தையல்காரரையும் இழுத்துக்கொண்டு, நாலு மணிக்குள் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போங்கள்.

பி.கு.: அரைக்கைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று: பயமாக இருந்தால் பயம் என்றே சொல்லுங்கள், சரக்கைக் குறை சொல்லாதீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

இன்றைய கணக்கு: என் பக்கம் ஒரு ஊசி, ஒரு நாள் கைவலி, மடியில் பேத்தி. உங்கள் பக்கம் இதுவரை வாய்ப்பேச்சு மட்டும்தான்.