சோடாபுட்டி முதலாளி ஆகிவிட்டான்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டி வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

என்னோடு ஒரே அறையில் இருந்தானே சோடாபுட்டி, அவன் கம்பெனியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏசி பழுது பார்க்கும் கடை போட்டிருக்கிறான். அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். உன்னிடம் என்ன மறைப்பு, வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். அவனுடைய ஆள் ஒருவர், மாட்டப் போன வீட்டில் புது ஏசியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு வந்து நின்றார். எங்கள் மேனேஜராக இருந்தால் கட்டடமே அதிர்ந்திருக்கும். இவனும் கத்துவான், வேடிக்கை பார்க்கலாம் என்று ஆசையாக உட்கார்ந்திருந்தேன். அவனோ அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "தப்பு எங்களோடதுதான் சார், நானே வந்து வேற மாட்டித் தர்றேன்" என்றான். பிறகு அந்த ஆளிடம், "முதல்ல சாப்பிடுங்க, சேர்ந்தே போலாம்" என்றான். அவர் அவனைப் பார்த்த மாதிரி என்னை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கிளம்பும்போது, "இன்னொரு டீம் போடப்போறேன். நீதான்டா நடத்தணும், வர்றியா?" என்று கேட்டான்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பாப்பா பாடுவதைப் பதிவு செய்து அனுப்பு. சோடாபுட்டியின் கட்டில் காலியாகக் கிடக்கிறது, அறையில் பேச்சுச் சத்தமே இல்லை.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. அவனிடம் போ என்றுதான் நீ சொல்வாய், தெரியும். ஆனால் உடனே சொல்லிவிடாதே. கொஞ்ச நாள் யோசித்த மாதிரி இருந்துவிட்டுச் சொல். அவன் காத்திருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்