கழட்டுன டிஸ்க்கைத் தேடுன கம்ப்யூட்டர்

ஷார்ஜா

அன்பு மச்சானுக்கு,

மாதா புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். நீங்களும் அத்தையும் சுகந்தானே?

நேத்துக் காலையில எங்க ஆஸ்பத்திரி லேப்ல லினக்ஸ் கம்ப்யூட்டர் பூட் ஆகல. கறுப்புத் திரையில எழுத்து ஓடி, பாதியில நின்னுருச்சு. ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு அம்மாவோட ரத்த ரிப்போர்ட் அதுக்குள்ள இருந்துச்சு.

"யாரு தொட்டது?"ன்னு மேனேஜர் கத்துனார்.

"நான்தான் சார்"னேன். முந்தின நாள் பழைய டிஸ்க்கைக் கழட்டுனவ, பூட் ஆகும்போது கம்ப்யூட்டர் தேடுற லிஸ்ட்டுல இருந்து அதோட பேரை எடுக்க மறந்துட்டேன். அந்த ஒரு வரியை அழிச்சேன். பூட் ஆயிருச்சு, ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. திட்டு வாங்குனதோட சரி, கவலைப்படாதீங்க.

கடலுக்குப் போனா போனை அத்தைகிட்ட குடுத்துட்டுப் போங்க. மூணு நாளா அடிக்கிறேன், யாரும் எடுக்கல. இதை ஊருக்கு வர்ற இன்னாசியம்மாக்கா கையில குடுக்குறேன். அவங்க டாக்ஸி வந்துருச்சு. ஜெகதாப்பட்டினத்துல கரையேறுனதும் மீனை அப்புறம் பாக்கலாம், மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க.

அன்புமொழி